நீர்நாயை எண்ணத் தெரிந்தால் ஆற்றின் கணக்கு தெரியும்

சங்க இலக்கியத்தில் நீர்நாய் எந்தத் திணையில் வருகிறது என்று கேட்டால், காடு இருக்கும் குறிஞ்சியிலோ முல்லையிலோ இருக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது பெரும்பாலும் மருதத் திணையில் வருகிறது. மருதம் என்றால் வயலும் வயல் சார்ந்த இடமும். பிரம்புப் புதரில் கிடந்து, விடிந்ததும் வாளை மீனைப் பிடித்துத் தின்கிற விலங்காக நம் புலவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அது உழவனின் பக்கத்து வீட்டுக்காரன். இன்றைக்கு எத்தனை உழவர்கள் அதை நேரில் பார்த்திருப்போம்?

உழவர் இதழில் நீர்நாய்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இயற்கை உழவர் கூட்டம் ஒன்றில் டெல்டாவிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "ஐயா, கொள்ளிடத்துக்குப் பக்கத்துல பத்து சென்ட்ல குட்டை வெட்டி கட்லா, ரோகு விட்டிருக்கேன். ராத்திரியில நீர்நாய் வந்து தின்னுட்டுப் போகுது. கரண்டு கம்பி கட்டுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரங்க சொல்றாங்க. கட்டலாமா?" கூட்டத்தில் பாதிப் பேர் "கட்டாதே" என்றார்கள். மீதிப் பேர் "நட்டத்தை நீங்க தருவீங்களா?" என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, கணக்குதான் யார் கையிலும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்தவன் என்பதால், அதைத் தேட ஆரம்பித்தேன். தேடியதில் தெரிந்ததைத்தான் இங்கே வைக்கிறேன்.

யார் இந்த நீர்நாய்?

இந்தியாவில் மூன்று வகை உண்டு. ஆறு, ஏரி, கழிமுகம், அலையாத்திக் காடு என்று சமவெளி முழுக்க வாழ்வது வழுவழுப்பான மயிர் கொண்ட பெரிய நீர்நாய். 7 முதல் 11 கிலோ வரை எடை இருக்கும். குடும்பமாகத் திரியும், குடும்பமாகவே மீனை வளைத்துப் பிடிக்கும். காவிரியில் இருப்பது இதுதான். கோவாவின் அலையாத்திக் காடுகளிலும், ஆந்திராவில் கோதாவரி கடல் சேரும் கோரிங்காவிலும், சுந்தரவனத்திலும் கடலோரமாக வாழ்வதும் இதே வகைதான். வங்கதேசத்தில் நரைல் பகுதி மீனவர்கள் இதைப் பழக்கி, வலைக்குள் மீனை விரட்ட வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, மலை ஓடைகளில் இருக்கும் சின்ன நகம் கொண்ட நீர்நாய். 3 கிலோ, 4 கிலோதான் இருக்கும். இதற்கு மீனைவிட நண்டு முக்கியம். ஓட்டை உடைத்துத் தின்ன வாகாகக் கடைவாய்ப் பல் அகலமாக இருக்கும். மூன்றாவது, ஐரோப்பா வரை பரவியிருக்கும் யூரேசிய நீர்நாய். டெலிவிஷனில் மல்லாந்து மிதந்துகொண்டு கல்லால் சிப்பியை உடைக்கிறதே, அது கடல் நீர்நாய். வடக்குப் பசிபிக் கடலில் மட்டும்தான் இருக்கிறது. நம் கடற்கரையில் பார்க்கிறவை எல்லாம் ஆற்றிலிருந்து உப்புத்தண்ணீர் வரைக்கும் போய் வருகிற ஆற்று நீர்நாய்களே.

மூட்டை எண்ணுவது போல எண்ண முடியாது

வங்கியில் அரிசி ஆலைக்குக் கடன் கொடுத்தால் இருப்புச் சரிபார்க்கப் போவோம். அடுக்கி வைத்த மூட்டையை எண்ணி, ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். நீர்நாய் அப்படி அடுக்கில் நிற்காது. இருட்டில் வரும், தண்ணீருக்குள் போகும், ஒரே இரவில் பல கிலோமீட்டர் நடக்கும். இன்றைக்கு இங்கே பார்த்த நாலும், நாளைக்கு அங்கே பார்க்கிற நாலும் ஒரே குடும்பமாக இருக்கலாம்.

அதனால் எண்ணுகிறவர்கள் முதலில் தேடுவது விலங்கை அல்ல, அதன் தடயத்தை. ஈரமணலில் கால்தடம் இருக்கும். நாய்க்கு நாலு விரல் பதியும், நீர்நாய்க்கு ஐந்து விரல் பதியும், மணல் நல்ல ஈரமாக இருந்தால் விரலிடைச் சவ்வும் தெரியும். பாறை மேலும் மணல் திட்டிலும் எச்சம் இருக்கும். புதிதாக இருந்தால் கறுப்பாக, வழவழவென்று, மீன் கவிச்சி அடிக்கும். காய்ந்தால் சாம்பல் நிறமாகி உதிரும், உள்ளே மீன் செதிலும் முள்ளும் நண்டு ஓடும் கிடக்கும். பெரிய நீர்நாய்க் குடும்பம் ஒரே இடத்தைப் பொதுக் கழிப்பிடமாக வைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே உடம்பைப் புரட்டிக் காயவைத்த மணல் இருக்கும்.

எச்சத்தை எண்ணினால் நீர்நாயை எண்ணியதாகுமா? ஆகாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் கடற்கரை நீர்நாய்களை வருடக்கணக்கில் கவனித்த விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் இதைத் தெளிவாகக் காட்டினார். எச்சம் போடுவது பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. இரை குறைவான காலத்தில் எச்சம் கூடுதலாகத் தெரியும். எச்சம் அதிகம், அதனால் நீர்நாய் அதிகம் என்று எழுதினால் கணக்கு தலைகீழாகிவிடும். பதிலாக அவரும் உடன் வேலை செய்தவர்களும் புழக்கத்தில் உள்ள வளைகளை எண்ணினார்கள். ஒரு கரையில் எத்தனை வளை புழக்கத்தில் இருக்கிறதோ, அதற்கு ஏற்றபடி அங்கே தங்கியிருக்கும் பெண் நீர்நாய்களின் எண்ணிக்கை இருந்தது. சில இடங்களில் நேரில் பார்த்து இந்த விகிதத்தை உறுதி செய்துகொண்டு, பிறகு தீவு முழுவதற்கும் மதிப்பிட்டார்கள். அந்த ஆய்வு 1989-ல் வெளியானது.

நம் நாட்டில் சம்பல் ஆற்றில் எஸ். ஏ. ஹுசைன் 1990-களில் வேறு வழியில் போனார். நீர்நாய்க்கு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார். குட்டியோடு இருந்த ஒரு பெண் 5.5 கிலோமீட்டர் ஆற்றைப் பயன்படுத்தியது, ஒரு வளர்ந்த ஆண் 17 கிலோமீட்டரைப் பயன்படுத்தியது. இதிலிருந்து ஒன்று புரிகிறது. உங்கள் குட்டைக்கு வருகிற நீர்நாய் உங்கள் ஊர்ப் பிராணி மட்டும் அல்ல, வரிசையாக நாலைந்து ஊருக்குச் சொந்தமானது. ஒரு ஊரில் கம்பி கட்டினால் அத்தனை ஊரிலும் இல்லாமல் போகும்.

இப்போது தானியங்கிக் கேமராவும், எச்சத்திலிருந்து மரபணு எடுக்கும் முறையும் வந்துவிட்டன. ஆனால் நம் வெயிலில் எச்சம் சீக்கிரம் காய்ந்து மரபணு சிதைந்துவிடும், விடியற்காலையிலேயே எடுத்தாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் சின்ன நீர்நாயை ஆய்ந்தவர்கள், ஒரே ஓடைத் துண்டுக்குப் பலமுறை போய், கண்ணில் பட்டதையும் இருந்தும் கண்ணில் படாமல் போனதற்கான வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு "இங்கே இல்லை" என்று எழுதக்கூடாது என்பதுதான் அதில் உள்ள பாடம்.

பூச்சிமருந்து எழுதிய கணக்கு

இயற்கை உழவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இங்கிலாந்தில் நடந்தது. 1950-களின் பிற்பாதியில் அங்கே ஆறுகளில் நீர்நாய் திடீரென்று குறைந்தது. யாரும் கூட்டமாகப் போய்ச் சுடவில்லை. காரணம் ஆல்ட்ரின், டீல்ட்ரின். விதை நேர்த்திக்கும் ஆட்டுக்கு மருந்துக் குளியலுக்கும் பயன்படுத்திய பூச்சிக்கொல்லிகள். வயலிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஆறு, ஆற்றுப் பூச்சியிலிருந்து மீன், மீனிலிருந்து நீர்நாய். ஒவ்வொரு படியிலும் விஷம் சேர்ந்துகொண்டே போனது. கூட்டு வட்டி மாதிரி, கடைசிப் படியில் இருப்பவன் தலையில் மொத்தமும் விழுந்தது.

1977-79-ல் இங்கிலாந்து முழுக்க ஆற்றுக்கரைகளை 600 மீட்டர் துண்டு துண்டாக நடந்து தடயம் தேடினார்கள். பார்த்த இடங்களில் 5.8 சதவீதத்தில் மட்டுமே நீர்நாய்த் தடயம் கிடைத்தது. அந்த மருந்துகள் நிறுத்தப்பட்டு, ஆறுகள் சுத்தமாகி, 2009-10-ல் அதே முறையில் மறுபடி நடந்தபோது 58.8 சதவீத இடங்களில் தடயம் இருந்தது. எத்தனை நீர்நாய் என்று அவர்கள் தலை எண்ணவில்லை. ஒரே முறையில், திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல அது போதும். ஒரு பாஸ்புத்தகத்தில் இன்றைய இருப்பைவிட வரவு செலவின் போக்கு முக்கியம் என்று கடன் கேட்டு வருபவர்களிடம் நாங்கள் சொல்வோம். இதுவும் அதே மாதிரிதான்.

சிங்கப்பூர் இன்னொரு உதாரணம். 1977 முதல் 1987 வரை பத்து வருடம் சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். 1998-ல் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் பெரிய நீர்நாய் ஜோடி ஒன்று வந்து தங்கியது. 2021 வாக்கில் அந்தச் சின்ன நாட்டில் சுமார் 170 நீர்நாய்கள். அங்கே எண்ணியதில் பெரும்பங்கு பொதுமக்களுடையது. காலை நடைக்குப் போகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் எல்லாம் ஒவ்வொரு குடும்பத்தையும் அடையாளம் வைத்துப் பதிவு செய்தார்கள். பீஷான் பூங்காவில் சிமென்ட் கால்வாயை உடைத்து, புல்லும் கல்லும் உள்ள ஆறாக மாற்றிய இடத்தில் ஒரு குடும்பம் குட்டி போட்டுப் பெருகியது. அதே நீர்நாய்கள் வீடுகளில் அலங்கார மீன் தொட்டியைக் காலி செய்ததும் உண்டு, மக்கள் திட்டியதும் உண்டு. நம்ம ஊர்க் குட்டைப் பிரச்சினை பணக்கார நாட்டிலும் இருக்கிறது.

அதற்கு என்ன வேண்டும்?

படித்ததையும் கேட்டதையும் சேர்த்தால் தேவைகள் ஐந்து.

முதலாவது, வருடம் முழுக்க மீன். கோடையில் ஆறு வற்றினாலும் மடுவில் தண்ணீர் நிற்க வேண்டும். மணலை அடியோடு அள்ளினால் நிலத்தடி நீர் இறங்கி மடுவும் வற்றும்.

இரண்டாவது, ஒதுங்க இடம். கரையில் மரவேர் இடுக்கு, பாறைச் சந்து, நாணல், கோரை, பிரம்புப் புதர். கரையை ஜேசிபி வைத்து வழித்துச் சீராக்கினால் நமக்குச் சுத்தமாகத் தெரியும், அதற்கு வீடு போய்விடும்.

மூன்றாவது, உடம்பு காயவைக்க மணலும் பாறையும். அதன் மயிர் அடர்த்தியானது. அடிமயிரில் காற்று தங்குவதால்தான் குளிர் தாங்குகிறது.

நான்காவது, கடலோரத்தில் இருப்பவற்றுக்கு நல்ல தண்ணீர். திமிங்கலம் போலத் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது, மயிர்தான் போர்வை. உப்பு படிந்தால் மயிர் ஒட்டிக்கொள்ளும், காற்று நிற்காது. அதனால் கடலில் மீன் பிடித்துவிட்டு நன்னீர்க் குட்டையில் வந்து அலசிக்கொள்ளும். ஷெட்லாந்தில் வளைகள் நன்னீர் கிடைக்கும் இடத்தையொட்டியே இருந்தன. இது கடைமடை உழவனின் பிரச்சினையும்தான். மேலே இருந்து தண்ணீர் வராவிட்டால் கழிமுகம் உப்பாகும். நம் கிணறும் உப்பாகும், நீர்நாய்க்கும் அலசத் தண்ணீர் இருக்காது. இரண்டு பேருக்கும் ஒரே கோரிக்கைதான்.

ஐந்தாவது, தொந்தரவு இல்லாமை. தோட்டா போட்டு மீன் பிடிப்பது, விஷம் கலந்து மீன் பிடிப்பது, கரண்டு விட்டு மீன் பிடிப்பது ஆகிய மூன்றும் மீனையும் அழிக்கும், அதைத் தின்பதையும் அழிக்கும். கூடவே தோல் வியாபாரம். 2003-ல் திபெத்தில் ஒரே சோதனையில் 31 புலித்தோல், 581 சிறுத்தைத்தோல், அவற்றோடு 778 நீர்நாய்த்தோல் பிடிபட்டன. எங்கேயோ திபெத் என்று நினைக்க வேண்டாம். நம் பழனி மலையில் நடந்த நீர்நாய் வேட்டை பற்றி வி. மீனா 2002-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

எங்கள் ஆற்றில் நடந்தோம்

கீரனூர்ப் பக்கம் எங்களுக்கு ஆறு என்றால் சண்முகாநதி. பழனி மலைத்தொடரில் பிறந்து, பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி அணைத் தண்ணீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு அமராவதியில் கலக்கும். அமராவதி திருமுக்கூடலூரில் காவிரியில் சேரும். மலையில் சின்ன நீர்நாய், காவிரியில் பெரிய நீர்நாய், நடுவில் நாங்கள்.

எங்கள் வட்டாரத்து உழவர்கள் ஆறு பேர், போன தை மாதம் காலை ஆறு மணிக்குக் கிளம்பி 600 மீட்டர் துண்டாக மூன்று இடத்தில் கரையை நடந்தோம். பதினைந்து நாள் விட்டு மறுபடியும் அதே இடங்களில் நடந்தோம். கையில் ஒரு நோட்டு, அளக்க ஒரு கயிறு, போட்டோ எடுக்க போன். கிடைத்தவை: கீரித் தடம், நாய்த் தடம், காட்டுப்பன்றி கிளறிய இடம், கொக்கு எச்சம். நீர்நாய்த் தடயம் இல்லை. மூன்று துண்டில் இரண்டில் கரைப்புதரே இல்லை, மக்காச்சோளம் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது. மூன்றாவது துண்டில் மட்டும் நாணலும் நாவல் மரமும் ஒரு மடுவும் இருந்தன. மீன் துள்ளியதும் அங்கேதான்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நீர்நாய் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஏனுந் தம்பி, நீங்க பேங்க்ல இருந்தவீங்கதானே, இதையெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க?" என்று சிரித்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பன் காலத்துல இந்த மடுவுக்கு வருமுங்க. நாலஞ்சு ஒண்ணா வரும். பொம்பளைங்க துணி தொவைக்கறப்ப தலையைத் தூக்கித் தூக்கிப் பாக்கும். அப்பெல்லாம் ஆத்துல மாசி மாசத்துலயும் தண்ணி நிக்கும். தண்ணி போச்சு, அதும் போச்சு." நாங்கள் நோட்டில் எழுதியதையும் அவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆற்றின் கணக்கு தெரிந்துவிடும்.

குட்டைக்கு என்ன செய்வது?

இப்போது டெல்டாத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நட்டம் உண்மை. பெரிய நீர்நாய் ஒன்று நாளைக்குச் சுமார் ஒரு கிலோ மீன் தின்னும். நாலு சேர்ந்து முப்பது நாள் ஒரே குட்டைக்கு வந்தால் 120 கிலோ. கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் 18,000 ரூபாய். சின்ன உழவனுக்கு இது சின்னத் தொகை இல்லை. "இயற்கையைப் பகிர்ந்துக்கணும்" என்று மேடையில் சொல்லிவிட்டு நகர்வது சரியில்லை.

ஆனால் கரண்டு கம்பி பதில் ஆகாது. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நீர்நாயைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம், சிறைக்கே போக நேரும். அதைவிடப் பெரிய விஷயம், இருட்டில் அந்தக் கம்பியை மிதிப்பது பக்கத்துத் தோட்டத்துக் குழந்தையாக இருக்கலாம், தண்ணீர் பாய்ச்சப் போகிற நாமாகவும் இருக்கலாம். அப்படி உயிர் போன செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்?

செய்யக்கூடியவை இருக்கின்றன. பத்து சென்ட் குட்டைக்குச் சுற்றளவு ஏறக்குறைய 80 மீட்டர். கெட்டியான கம்பி வலையை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்து, இடுப்புக்கு மேல் உயரம் வைத்து, மேல் விளிம்பை வெளிப்பக்கம் வளைத்துவிட்டால் அடியில் தோண்டவும் முடியாது, ஏறவும் முடியாது. ஒரு தடவைச் செலவு, பல வருடம் நிற்கும். அதற்கு வசதி இல்லாதவர்கள் மீன்குஞ்சைச் சின்ன நாற்றங்கால் குட்டையில் மேலே வலை போட்டு வளர்த்து, பெரிய குட்டையில் பனை மட்டை, உடைந்த குழாய், முள் கட்டு போட்டு மீன் ஒளிய இடம் கொடுக்கலாம். மொத்தமாக ஒரே நாளில் பிடிக்கக் காத்திராமல், எடை வந்த மீனை அவ்வப்போது பிடித்து விற்றுவிடலாம். ராத்திரிக் காவலுக்கு நாய் இருந்தால் இன்னும் நல்லது.

வரவுப் பக்கமும் ஒன்று இருக்கிறது. மலையடிவாரத்தில் நெல் போடுகிறவர்களுக்கு வரப்பில் ஓட்டை போடும் நண்டு பெரிய தலைவலி. சின்ன நீர்நாய்க்கு அதுதான் சாப்பாடு. மலேசியாவில் நெல்வயல் வாய்க்கால்களிலேயே நீர்நாய்கள் வாழ்வதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். மருந்தடிக்காத வயலில்தான் நண்டும் தவளையும் மீனும் சேர்ந்து இருக்கும், அங்கேதான் நீர்நாயும் நிற்கும்.

நாம் தொடங்கலாம்

ஆற்றோரம், வாய்க்காலோரம், ஏரிக்கரையோரம் நிலம் உள்ள உழவர்களே, மூன்று வேலை செய்வோம். தண்ணீர் விளிம்பிலிருந்து பத்தடி அகலத்துக்கு உழாமல் விட்டு, நீர்மருது, நாவல், புங்கன், நாணல் வளரவிடுவோம். கரை அரிப்பும் நிற்கும். அந்தப் பத்தடியில் மருந்து, களைக்கொல்லி தெளிக்க வேண்டாம் என்று இன்னும் இயற்கைக்கு மாறாத பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசுவோம். வருடத்துக்கு இரண்டு தடவை, தை மாதமும் வைகாசி மாதமும், ஒரே 600 மீட்டரை நடந்து, தேதி, இடம், தண்ணீர் ஆழம், கரைப்புதர், தடயம் இருக்கிறதா இல்லையா என்று எழுதி வைப்போம். "இல்லை" என்பதையும் எழுத வேண்டும். வளையோ குட்டியோ கண்ணில் பட்டால் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், வேட்டைக்காரனும் அதைப் படிப்பான்.

மலையிலிருந்து கழிமுகம் வரை ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டு இருந்தால், பத்து வருடத்தில் நம் ஆற்றின் போக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று நாமே சொல்லிவிடலாம். எங்கள் நோட்டில் முதல் இரண்டு பக்கம் எழுதியாகிவிட்டது. வைகாசியில் மூன்றாவது பக்கம். அந்த மடுவுக்கு மேல் உள்ள நிலத்துக்காரர் இந்த வருடம் கரையோரம் பத்தடி விட்டு மக்காச்சோளம் போட ஒத்துக்கொண்டிருக்கிறார்.